மதுரை–தூத்துக்குடித் தடம்: அடுத்த முதலீடு நெடுஞ்சாலைக்கா, புதிய ரயில் பாதைக்கா, இருக்கும் பாதைக்கா?

மதுரையிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்குச் செல்ல இன்று இரண்டு முதன்மைத் தடங்கள் உள்ளன. ஒன்று, காரியாபட்டி, அருப்புக்கோட்டை, பந்தல்குடி, எட்டயபுரம், குறுக்குச்சாலை வழியாகச் செல்லும் 38-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. மற்றொன்று, விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கடம்பூர் வழியாக வாஞ்சி மணியாச்சி சென்று கிழக்கே திரும்பும் ரயில் பாதை. இவற்றோடு மூன்றாவதாக, அருப்புக்கோட்டை வழியாக ஒரு புதிய ரயில் பாதை வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக இருந்துவருகிறது. அதன் தென்முனையில் மீளவிட்டானுக்கும் மேலமருதூருக்கும் இடையே சுமார் 18 கி.மீ. பாதை மட்டும் போடப்பட்டிருக்கிறது. தென் மாவட்டங்களின் வளர்ச்சிக்காக அடுத்து ஒதுக்கப்படும் தொகையை நெடுஞ்சாலையைப் பலப்படுத்தச் செலவிடுவதா, புதிய பாதையை முடிக்கச் செலவிடுவதா, இரட்டையாக்கப்பட்டுவிட்ட பழைய பாதையை முழுமையாகப் பயன்படுத்தத் தேவையான துணை வசதிகளுக்குச் செலவிடுவதா என்பதே இங்கே எடுத்துக்கொள்ளும் கேள்வி.

தூத்துக்குடி விமான நிலையத்தை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. நீட்டிக்கப்பட்ட ஓடுதளமும் புதிய முனையமுமாக அது 2025 ஜூலையில் திறக்கப்பட்டுவிட்டது. அதனால் முதலீட்டாளர்களும் மருத்துவத்துக்காகப் பயணிப்பவர்களும் பயனடைவார்கள் என்றாலும், இந்த மாவட்டங்களின் பொருளாதாரம் ஓடுவது உப்பு, நிலக்கரி, உரம், பருத்தி நூல், பின்னலாடை, தீப்பெட்டி, மிளகாய் ஆகியவற்றின் மேல்தான். இவற்றை விமானத்தில் ஏற்ற நேர்ந்தால், வேறெங்கோ தாமதமாகிவிட்டது என்றே பொருள்.

முதலில் நெடுஞ்சாலை. திருப்பூரிலிருந்து ஒரு பனியன் கம்பெனியின் கன்டெய்னர் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கப்பலுக்கு ஒரு கட்-ஆஃப் நேரம் உண்டு. அதற்குள் டிரெய்லர் முனையத்தின் வாசலைக் கடந்தாக வேண்டும். தூத்துக்குடியிலிருந்து செல்லும் கன்டெய்னர்களில் பெரும்பங்கு சிறிய கப்பல்களில் கொழும்புக்குப் போய், அங்கே ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் செல்லும் பெரிய கப்பல்களுக்கு மாற்றப்படுகிறது. இங்கே சில மணி நேரம் தவறினால் கொழும்பில் ஒரு கப்பலே தவறும். அதற்குப் பிறகு ஏற்றுமதியாளர் ஒரு வாரத்தை இழக்க வேண்டும், அல்லது விமானக் கட்டணத்தைத் தம் கையிலிருந்து கட்ட வேண்டும். ஆகவே இந்தத் தடத்தில் சராசரி வேகத்தைவிட, இத்தனை மணிக்குப் புறப்பட்டால் இத்தனை மணிக்குப் போய்ச் சேரலாம் என்ற உறுதிக்கே விலை அதிகம். உறுதி இல்லாத இடத்தில் ஏற்றுமதியாளர் ஒரு நாள் முன்னதாகவே லாரியை அனுப்புகிறார். அந்த ஒரு நாளின் லாரி வாடகை, முனைய வாடகை, உற்பத்தியில் விட்டுக்கொடுத்த நேரம் எல்லாம் சாலையின் குறைபாட்டுக்கு அவர் கட்டும் வரியாகின்றன. எந்த அரசின் வரவு செலவுக் கணக்கிலும் அது இடம்பெறுவதில்லை.

அந்த உறுதியை இன்றைய நெடுஞ்சாலை தருகிறதா? எலியார்பத்தியிலும் புதூர்பாண்டியபுரத்திலும் உள்ள சுங்கச்சாவடிகளில் கட்டணம் வசூலிக்க, சாலைப் பராமரிப்பு சரியில்லை என்ற காரணத்தால், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2025 ஜூன் மாதம் தடை விதித்தது. அந்தத் தடை எத்தனை நாள் நீடித்தது என்பது வேறு விஷயம். கட்டணம் கட்டும் சாலையின் தரம் நீதிமன்றம்வரை போயிற்று என்பதே இங்கே நாம் கவனிக்க வேண்டியது.

சாலை கெடுவதற்கு அலட்சியம் மட்டும் காரணமன்று. அருப்புக்கோட்டைக்குத் தெற்கே நெடுஞ்சாலை செல்வது பெரும்பாலும் கரிசல் மண்ணில். மழையில் உப்பி, வெயிலில் சுருங்கிப் பாளம்பாளமாக வெடிக்கும் அந்த மண்ணின் மேல் போட்ட சாலை, அடித்தளத்தில் மண்ணை மாற்றியோ சுண்ணாம்பு கலந்து இறுக்கியோ போடப்படாவிட்டால், மேலே எத்தனை முறை தார் பூசினாலும் அலை அலையாக எழும்பிவிடும். அதன் மேல் துறைமுக லாரிகளின் சுமையும் சேர்கிறது. அச்சின் மீது விழும் எடை இரு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்காகும் என்பது, 1950-களின் இறுதியில் அமெரிக்காவில் நடத்தப்பட்ட சாலைச் சோதனைக்குப் பிறகு பொறியாளர்கள் கையாண்டுவரும் கணக்கு. இதன்படி பார்த்தால், அளவுக்கு மீறி ஏற்றிய நிலக்கரி லாரி ஒன்று, ஆயிரக்கணக்கான கார்கள் செய்யாத சேதத்தைத் தனியாகச் செய்துவிட்டுப் போகிறது. திருநெல்வேலி–தூத்துக்குடிச் சாலையில் வல்லநாட்டில் தாமிரபரணியின் மேல் கட்டிய பாலம், திறந்து சில ஆண்டுகளிலேயே தளத்தில் ஓட்டை விழுந்து, அடைத்து, மீண்டும் ஓட்டை விழுந்ததை இப்பகுதி மக்கள் நன்கு அறிவார்கள். நான்கு வழியில் இரண்டை மூடிவைத்து எதிரெதிரே வண்டிகளை விடும்போது, நான்குவழிச் சாலையின் பயனை அந்த ஒரு பாலமே பறித்துக்கொள்கிறது.

ஆகவே சாலைக்குப் பணம் தருவதென்றால், அது அகலப்படுத்த அன்று. அடித்தளத்தைச் சரிசெய்யவும், எடைமேடைகளை ஒழுங்காக இயக்கவும், ஊர்ச் சந்திப்புகளில் சர்வீஸ் ரோடும் மேம்பாலமும் அமைக்கவும் தர வேண்டும். இதற்கு நிலம் கையகப்படுத்தும் தேவை குறைவு. இரண்டு மூன்று ஆண்டுகளில் பயன் தெரியும். துறைமுகத்துக்குள் நுழையும் சாலையில் 5.16 கி.மீ. நீளத்தை மட்டும் சுமார் 200 கோடி ரூபாயில் ஆறுவழியாக்கி 2025-இல் திறந்திருக்கிறார்கள். கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால் அது விலை கூடிய வேலைதான். ஆனால் நூற்று முப்பது கிலோமீட்டரை இரண்டரை மணி நேரத்தில் கடந்து வந்த டிரெய்லர், கடைசி ஐந்து கிலோமீட்டரில் வரிசையில் நிற்பதைக் கண்டவர்கள் அதைக் குறைசொல்ல மாட்டார்கள்.

இரண்டாவது, அருப்புக்கோட்டை வழியான புதிய ரயில் பாதை. இதன் மீது மக்களுக்கு இருக்கும் ஆசையில் நியாயம் இருக்கிறது. விளாத்திகுளம், புதூர், நாகலாபுரம் பக்கத்துக் கரிசல் கிராமங்கள் இன்றுவரை ரயிலைப் பார்க்காதவை. மானாவாரியாக மிளகாய், உளுந்து, மக்காச்சோளம் விளையும் அந்தப் பகுதியிலிருந்து வேலை தேடிப் போகிறவர்கள் கோவில்பட்டிக்கோ தூத்துக்குடிக்கோ பேருந்தில் வந்துதான் ரயில் ஏற வேண்டும். திட்டத்தின் தலைவிதியும் விசித்திரமானது. 2025 ஜனவரியில், மாநில அரசே இதை வேண்டாமென்று சொல்லிவிட்டதாக ரயில்வே அமைச்சர் கூறியதாகச் செய்தி வந்தது. மாநில அரசு மறுத்தது. பிறகு, இரைச்சலில் அமைச்சர் அதைத் தனுஷ்கோடித் திட்டத்தைப் பற்றிய கேள்வி என்று எடுத்துக்கொண்டதால் வந்த குழப்பம் என்று விளக்கம் தரப்பட்டது. ஒரு வட்டாரத்தின் ரயில் பாதை, சத்தத்தில் தவறாகக் காதில் விழுந்த ஓர் ஊர்ப்பெயரால் சில நாள் உயிரிழந்து கிடந்தது.

ஆனால் ஆசையை ஒதுக்கிவிட்டு எண்களைப் பார்க்க வேண்டும். புதிய பாதையின் உத்தேச நீளம் சுமார் 143 கி.மீ.; இப்போதுள்ள பாதையின் நீளம் சுமார் 160 கி.மீ. மிச்சமாவது பதினைந்து கிலோமீட்டரை ஒட்டிய தூரம்தான். இருபது நிமிடம்கூடப் பெறாத இந்தச் சுருக்கத்துக்காக எந்தச் சரக்கும் சாலையை விட்டு ரயிலுக்கு மாறிவிடாது. பழைய பாதை ஒற்றைப் பாதையாக இருந்து நெரிசலில் திணறிய காலத்தில் மாற்றுப் பாதை என்ற வாதத்துக்கு வலு இருந்தது. முத்துநகர், நெல்லை, கன்னியாகுமரி, அனந்தபுரி என்று இரவு ரயில்கள் வரிசையாக வரும் வேளையில் கூட்ஸ் ரயில்களை லூப் லைன் என்ற பக்கப் பாதையில் நிறுத்திவைத்து, கிராசிங்குக்காக மணிக்கணக்கில் காக்கவைத்தார்கள். மதுரை–தூத்துக்குடி இரட்டைப் பாதைப் பணி முடிந்தபின் அந்த வாதம் பெருமளவு கரைந்துவிட்டது.

எஞ்சுவது வட்டார நியாயம்: ரயில் இல்லாத பகுதிக்கு ரயில் வந்தால் அந்தப் பகுதி வளரும் என்பது. இதைச் சோதித்துப் பார்க்க வெகுதூரம் போக வேண்டியதில்லை, அருப்புக்கோட்டையே சான்று. விருதுநகர்–மானாமதுரைப் பாதை அருப்புக்கோட்டை வழியாகத்தான் செல்கிறது. 2013-இல் அது அகலப்பாதையாக மாற்றப்பட்டது. அந்த ஊர் மக்கள் சென்னைக்குச் செல்லச் சிலம்பு எக்ஸ்பிரஸ் போன்ற, வாரத்தில் சில நாள் மட்டுமே ஓடும் ரயில்களை நம்பியிருக்கும் நிலை அதற்குப் பிறகும் தொடர்ந்தது. நூற்பாலைகளும் நெசவும் நிறைந்த ஊருக்கு அகலப்பாதை கிடைத்தது. அடிக்கடி ஓடும் ரயில் கிடைக்கவில்லை. போடியின் கதை இதைவிடக் கசப்பானது. மதுரை–போடி மீட்டர்கேஜ் பாதை 2010-இன் இறுதியில் மூடப்பட்டது. தேனிவரை அகலப்பாதை திறக்க 2022 மே ஆயிற்று; போடிக்கு ரயில் வர 2023 ஜூன் ஆயிற்று. 90 கி.மீ. பாதைக்காகப் பதினொரு ஆண்டுகளுக்கு மேல் ஒரு மாவட்டமே ரயில் இல்லாமல் இருந்தது. ஏலக்காய், திராட்சை, பருத்தி வணிகம் அதற்குள் முழுவதுமாக லாரிக்குப் பழகிவிட்டது. ரயில் திரும்பியபோது ஒரு பாசஞ்சரும், வாரம் மூன்று நாள் ஓடும் ஒரு சென்னை ரயிலுமே வந்தன.

இந்த இரண்டு சான்றுகளையும் வைத்துப் புதிய பாதையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாதை போடுவதும் ரயில் விடுவதும் இரு வேறு முடிவுகள். முதலாவதற்கு மட்டும் போராடினால் இரண்டாவது தானாக வந்துவிடாது என்பதே அவை காட்டுவது. விளாத்திகுளத்து விவசாயிக்கு உடனடியாகத் தேவைப்படுவது மாவட்டச் சாலைகளும், மிளகாய்க்கு ஒரு குளிர்பதனக் கிடங்கும், கோவில்பட்டி நிலையத்துக்கு ரயில் நேரத்தை ஒட்டி ஓடும் பேருந்தும் ஆகும். இவை மூன்றுக்கும் சேர்த்து ஆகும் செலவு, புதிய பாதையில் சில கிலோமீட்டருக்கு ஆகும் செலவைத் தாண்டாது என்பது என் கணிப்பு.

மூன்றாவது வழி, கேட்பதற்குக் கவர்ச்சி இல்லாதது. அடிக்கல் நாட்டு விழாவுக்கு ஏற்ற பொருள் அதில் எதுவும் இல்லை. இரட்டையாகி, மின்மயமாகிவிட்ட பழைய பாதையின் ஓரத்தில், சரக்கை ஏற்றி இறக்கும் வசதிகளை ஒழுங்காகக் கட்டுவதே அது. ஒரு கன்டெய்னர் ரயிலில் 45 வேகன்கள். அவற்றில் இருபதடிக் கன்டெய்னர்கள் 90 ஏறும். நெடுஞ்சாலையில் அதே சரக்குக்கு 45 டிரெய்லர்கள் தேவை. அப்படியிருந்தும் இந்தத் தடத்தில் கன்டெய்னர்கள் ஏன் சாலையிலேயே போகின்றன என்பதற்கு விடை, ரயில் ஓடும் தூரத்தில் இல்லை. அது நிற்கும் இடத்தில் இருக்கிறது. ஆலையிலிருந்து ரயில் நிலையத்தின் கூட்ஸ் ஷெட்டுக்கு லாரியில் கொண்டுபோக வேண்டும், அங்கே இறக்கி ஏற்ற வேண்டும், ஒரு முழு ரேக், அதாவது ஒரு ரயிலுக்கான மொத்த வேகன்களும், சேரும்வரை காத்திருக்க வேண்டும், துறைமுகத்தில் மறுபடி இறக்க வேண்டும். முந்நூறு கிலோமீட்டருக்குக் குறைவான தூரத்தில், இந்த ஏற்றுகூலி இறக்குகூலியே ரயில் கட்டணத்தில் கிடைக்கும் மிச்சத்தைத் தின்றுவிடுகிறது.

இதில் ஷெட்டின் தரம் எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு சிறு விவரத்தைக் கொண்டு காணலாம். முழு ரேக்கும் ஒரே மூச்சில் நிற்கும் நீளமுள்ள லைன் இல்லாத கூட்ஸ் ஷெட்டில், ரேக்கை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை இறக்கி முடித்த பிறகே மறுபாதியை உள்ளே தள்ள முடியும். என்ஜின் அதுவரை காத்திருக்கும். தளம் மண்தரையாக இருந்தால் மழை நாளில் லாரி பக்கத்தில் வராது. கூரை இல்லாவிட்டால் உர மூட்டை நனையும். இரவில் விளக்கு இல்லாவிட்டால் சுமைதூக்கும் தொழிலாளர் வேலை செய்ய மாட்டார்கள். ஆனால் வேகனைத் தாமதமாக விடுவித்தால் கட்ட வேண்டிய டெமரேஜ் கட்டணத்தின் கடிகாரம் இரவிலும் ஓடும். இப்படி இரண்டு முறை டெமரேஜ் கட்டிய வணிகர் மூன்றாம் முறை ரயில்வே அலுவலகத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார். நீளமான லைன், கான்கிரீட் தளம், கூரை, விளக்கு, கன்டெய்னரைத் தூக்கி அடுக்கும் ஒரு ரீச் ஸ்டாக்கர், ஓட்டுநர்கள் குளிக்கவும் உறங்கவும் ஓர் இடம் ஆகியவை கொண்ட ஒரு முனையம் விருதுநகரிலோ கோவில்பட்டியிலோ இருந்தால், இராஜபாளையத்து நூலும் சாத்தூர், கோவில்பட்டித் தீப்பெட்டியும் அருப்புக்கோட்டைத் துணியும் சேர்ந்து ஒரு ரேக்கை நிரப்ப வாய்ப்புண்டு. பட்டாசு மட்டும் இந்தக் கணக்கில் சேராது. அது சாலையில்தான் போகும். கோவை இருகூரில் இருக்கும் கன்டெய்னர் முனையத்திலிருந்து தூத்துக்குடிக்குக் குறித்த நாளில், குறித்த நேரத்தில், ரேக் நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் ஒரு ரயில் புறப்படும் என்ற ஏற்பாடு வந்தால், முந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தத் தூரத்தில் ரயில் சாலையோடு உண்மையாகவே போட்டியிடும். தொடக்கத்தில் காலி வேகன்களோடு ஓடுவதால் ஏற்படும் நட்டத்தை இரண்டு ஆண்டுகளுக்கு அரசு ஏற்பது, ஒரு மேம்பாலத்துக்கு ஆகும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.

துறைமுகத்துக்கான கிளைப்பாதையிலும் இதே கவனம் தேவை. நிலக்கரி ரேக்குகளும் கன்டெய்னர் ரேக்குகளும் ஒரே யார்டில் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு நின்றால், மதுரைவரை இரட்டைப் பாதை இருந்து பயனில்லை.

வெள்ளத்தை வைத்தும் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவாயிற்று. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது. முன்னே தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போய், தண்டவாளம் கம்பிபோல அந்தரத்தில் தொங்கியது. சாலைகளும் உடைந்து தூத்துக்குடி சில நாள்கள் தனித்தீவாயிற்று. இப்படிப்பட்ட நாளுக்காகவே இரண்டாவது ரயில் பாதை வேண்டும் என்று புதிய பாதையை ஆதரிப்பவர்கள் சொல்கிறார்கள். கோவில்பட்டிப் பக்கம் உடைப்பு ஏற்பட்டால் அது உண்மைதான். ஆனால் புதிய பாதையும் மீளவிட்டான் வழியாகத்தான் தூத்துக்குடிக்குள் நுழைகிறது. நகரை ஒட்டிய தாழ்ந்த பகுதி முழுகினால் இரண்டு பாதைகளும் ஒரே இடத்தில் அறுந்துபோகும். அந்தக் கடைசிப் பகுதியில் கரையை உயர்த்துவதும், ஓடைகளின் குறுக்கே உள்ள சிறு பாலங்களின் கண்களை அகலப்படுத்துவதும், குளங்களின் மறுகால் போகும் வழியை அடைக்காமல் சாலை போடுவதும் புதிய பாதையைவிட மலிவானவை. சாலை, ரயில் இரண்டுக்கும் ஒருங்கே காப்பாகக்கூடியவை.

நல்ல போக்குவரத்து வந்தால் வட்டாரம் வளரும் என்பதைப் பொதுவிதியாக எடுத்துக்கொள்வதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. இந்த வட்டாரத்தின் வரலாறே அதற்குத் தடை சொல்கிறது. 1876-இல் தூத்துக்குடிக்கு ரயில் வந்ததும், சென்னையிலிருந்து கொழும்புக்குச் செல்பவர்கள் இங்கே இறங்கிக் கப்பல் ஏறினார்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறந்து தனுஷ்கோடி வழி வந்ததும் அந்தப் பயணிகள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். ஒரு பாலம் ஓரூருக்குக் கொடுத்ததை இன்னோர் ஊரிடமிருந்து எடுத்தது. நம் காலத்திலும் நான்குவழிச் சாலை வந்தபின் மதுரை–நாகர்கோவில் பைபாஸ் ரைடர் பேருந்துகள் சாத்தூருக்குள்ளும் கோவில்பட்டிக்குள்ளும் வராமல் வெளியே போகின்றன. நடுவில் இறங்குபவரை ஏற்றவே சில நடத்துநர்கள் முகம் சுளிக்கிறார்கள். நல்ல நாளுக்குத் துணி எடுக்க மதுரைக்குப் போவது எளிதாகிவிட்டதால், சிற்றூர் ஜவுளிக்கடைகளின் வியாபாரம் குறைந்திருக்கிறது. வேகமான தடம் இரண்டு முனைகளுக்கும் பயன் தரும். நடுவில் உள்ள ஊர்களுக்குப் பயன் வேண்டுமானால், தடம் அங்கே நின்று செல்ல வேண்டும். சரக்கு முனையம், சர்வீஸ் ரோடு, லாரி நிறுத்தம், நின்றுபோகும் ரயில் ஆகியவைதான் அந்த நிற்குமிடங்கள். மூன்று தெரிவுகளில் இவற்றை நேரடியாகத் தருவது மூன்றாவதுதான். முதலாவது ஓரளவு தரும். இரண்டாவது, ரயில்கள் நின்று சென்றால் மட்டுமே தரும்.

எனவே என் வரிசை இது. இருக்கும் இரட்டைப் பாதையில் ஒரு முழு நீளச் சரக்கு முனையமும், துறைமுக யார்டின் சீரமைப்பும், இருகூர்–தூத்துக்குடி கால அட்டவணை ரயிலும் முதலில் வர வேண்டும். அதே காலத்தில் நெடுஞ்சாலையில் அகலப்படுத்தும் பேச்சை ஒத்திவைத்து, கரிசல் மண்ணில் உள்ள பகுதிகளின் அடித்தளத்தையும் பாலங்களையும் சரிசெய்ய வேண்டும்; ஒப்பந்ததாரருக்குத் தரும் பணத்தைத் தார் போட்ட நாளோடு முடிக்காமல், பத்து ஆண்டுகளுக்குச் சாலை மேடுபள்ளமின்றி இருப்பதோடு பிணைக்க வேண்டும். அருப்புக்கோட்டைப் பாதைக்கு இப்போது செய்ய வேண்டியது, நிலத்தை அளந்து, எல்லை குறித்து, அதன் மேல் வீட்டுமனைகள் முளைக்காமல் காப்பது. அதோடு, விருதுநகர்–மானாமதுரைப் பாதையில் அருப்புக்கோட்டைக்குத் தினமும் காலை, மாலை மதுரை ரயில்களை விட்டு, எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று பார்க்கலாம். விருதுநகரையோ மானாமதுரையையோ சுற்றிப் போக வேண்டியிருந்தும் அவற்றில் கூட்டம் சேருமானால், நேர்ப்பாதைக்கு அதைவிட வலுவான சான்று தேவையில்லை.

இந்த வரிசையை மாற்றக்கூடிய காரணங்களும் உள்ளன. வெளித்துறைமுகக் கன்டெய்னர் முனையத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. அது திட்டமிட்டபடி எழுந்து, பெரிய கப்பல்கள் கொழும்பைத் தொடாமல் நேரடியாக இங்கே வரத் தொடங்கினால் மணியாச்சிப் பாதையில் இன்றைய இடைவெளி நிரம்பிவிடும். சில்லாநத்தம் சிப்காட்டில் 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மின்கார் ஆலையைப் போல இன்னும் சில வந்தால் அந்த நாள் விரைந்து வரும். மறுபுறம், ஆழத்தில் இயற்கையே சாதகமாக உள்ள கேரளத்தின் விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாதம் முறையாகத் திறக்கப்பட்டுவிட்டது. கொழும்பில் மாற்றப்படும் பெட்டிகளில் ஒரு பகுதி அங்கே போகக்கூடும். எது முந்துகிறது என்பதைத் துறைமுகத்தின் கன்டெய்னர் கணக்கு ஆண்டுதோறும் காட்டும். புதிய ரயில் பாதைக்கான நிதி முடிவை, மீளவிட்டான்–மணியாச்சிப் பகுதியில் சரக்கு ரயில்கள் மீண்டும் வரிசையில் நிற்கத் தொடங்கும் ஆண்டுக்கு ஐந்தாறு ஆண்டுகள் முன்பாகவே எடுக்க வேண்டியிருக்கும். போடிப் பாதைக்கு ஆன காலத்தை நினைத்தால், அதற்கும் முன்பாகவே.